திருத்தப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சபையில் ஒருவர் தவறு செய்துவிட்டார் என்று தெரிந்தால், பல இடங்களில் அவரைத் தேடி யாரும் போவதில்லை. ஜெபக்கூட்டத்தில், "நம் சகோதரர் ஒருவருக்காகப் பாரத்தோடு ஜெபியுங்கள், விவரம் வேண்டாம்" என்று ஒரு ஜெபக்குறிப்பு வருகிறது. கூட்டம் முடிந்து வாசலில் செருப்பை மாட்டும்போதே அவர் யார், என்ன செய்தார் என்பது பேச்சாகிவிடுகிறது. சம்பந்தப்பட்டவரின் காதுக்கு அது கடைசியாகத்தான் எட்டுகிறது.

இயேசு சொன்ன வரிசை வேறு. முதலில் "நீயும் அவனும் தனித்திருக்கையில்" பேச வேண்டும். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு போக வேண்டும். அதற்கும் பிறகுதான் சபை (மத்தேயு 18:15-17). அவன் செவிகொடுத்தால் "உன் சகோதரனை ஆதாயப்படுத்திக்கொண்டாய்" என்கிறார். ஆளை மீட்பதுதான் நோக்கம். கூட்டத்துக்கு முன் தலைகுனிய வைத்துவிட்டு, பிறகு அவர் சபைக்கே வரவில்லை என்று வருந்திப் பயனில்லை.

ஆனால் இந்த வசனத்தைக் காட்டி, ஒரு குழந்தைக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை "நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று மூடுவது பெரும் பாவம். அது குற்றம். காவல்துறைக்குப் போக வேண்டியது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அதைத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. செய்தவர் அழுது மன்னிப்புக் கேட்டாலும் இது மாறாது. தாவீது ராஜாவின் பாவத்தைக் கர்த்தர் நீக்கினார் என்று சொன்ன அதே நாத்தான் தீர்க்கதரிசிதான், அதன் விளைவுகள் அவன் வீட்டைத் தொடரும் என்றும் சொன்னான்.

நோயுற்றவரைப் பார்க்கப் போய், "எங்கேயோ தவறியிருக்கிறீர்கள், யோசித்துப் பாருங்கள்" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். வலியில் கிடப்பவரிடம் இப்படிப் பேசக் கூடாது. பிறவிக் குருடனைக் குறித்து "இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்றார் இயேசு. சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்றார். எபிரெயர் 12 சிட்சையைப் பற்றி, அதாவது தேவன் தம் பிள்ளைகளைத் தண்டித்துத் திருத்துவதைப் பற்றிப் பேசுவது, சோர்ந்துபோன விசுவாசிகளைத் திடப்படுத்தத்தான். அடுத்தவரின் கஷ்டத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கும் உரிமையை அது யாருக்கும் தரவில்லை.

மனந்திரும்புகிறவர் பக்கத்திலும் ஒரு தவறு உண்டு: கண்ணீரோடு நின்றுவிடுவது. உயிர்மீட்சிக் கூட்டத்தில் முழங்காலில் நின்று அழுதவர், ஏமாற்றிய சீட்டுப் பணத்தைத் திருப்பித் தராமலே இருந்தால் அந்தக் கண்ணீரை எப்படி நம்புவது? வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு அழுததாக லூக்கா எழுதவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகத் திருப்பித் தருவேன் என்று அவன் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார். மோசேயின் சட்டமும் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது (எண்ணாகமம் 5:7).

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்துவது, உண்மையாகத் திரும்பி வந்தவரைச் சபை சேர்த்துக்கொள்ளாமல் இருப்பது. கொரிந்து சபை கண்டித்த ஒருவனைக் குறித்து, அவன் "அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு" மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்று பவுல் எழுதினார். சபைப் பணத்தைக் கையாடியவரை உடனே பொருளாளராக்க வேண்டியதில்லை. அந்த நம்பிக்கை வளரக் காலம் பிடிக்கும். ஆனால் ஆராதனையில் அவர் பக்கத்தில் உட்காரவும், அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவும் எந்தக் காலக்கெடுவும் தேவையில்லை.