சேற்றில் சிக்கியவனும் ஓடிப்போனவனும்: இரண்டு நாவல்களின் தைரியத்தை ஒப்பிட்டு எழுத

அக்கா மகள் போன மாதம் ஒரு கல்லூரிக் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கல்கியின் 'பொன்னியின் செல்வ'னிலும் அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' நாவலிலும் தைரியம் எப்படி வருகிறது என்று ஒப்பிட வேண்டுமாம். முதல் நாவலின் நாயகன் வந்தியத்தேவன், இரண்டாவதன் நாயகன் சந்திரசேகரன். "வந்தியத்தேவன் வீரன், சந்திரசேகரன் கோழை" என்று முதல் வரியும் எழுதியாயிற்று. "சரிதானே சித்தி?" என்றாள். அதை அடிக்கச் சொன்னேன். பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். வீரம், துணிச்சல், நெஞ்சுரம், அசட்டுத் துணிச்சல் எல்லாம் நமக்கு வேறு வேறு. பழுவூர் இளைய ராணி நந்தினி கொடுத்த பனை இலச்சினை மோதிரத்தைக் காட்டி வந்தியத்தேவன் தஞ்சைக் கோட்டைக்குள் நுழைவது துணிச்சல். அதை வீரம் என்று எழுதினால் போர்க்களத்துக்கு என்ன சொல் மிச்சம் இருக்கும்?

அப்புறம், முழு நாவலையும் ஒப்பிடப் போகாதீர்கள். ஒன்று ஐந்து பாகம். புத்தகத்துக்கு ஒரு காட்சி போதும். வசனம் பேசும் காட்சி வேண்டாம், உடம்பு ஆபத்தில் இருக்கும் காட்சி வேண்டும்.

நாங்கள் எடுத்தது கோடிக்கரைச் சேற்றுப் பள்ளம். படகோட்டும் பெண்ணான பூங்குழலியைத் துரத்திக்கொண்டு ஓடும் வந்தியத்தேவன் புதைசேற்றில் இறங்கிவிடுகிறான். வாளும் வாய்ச் சவடாலும் அங்கே செல்லாது. அவனைக் காப்பாற்றுவது அவன் துரத்திய அந்தப் பெண்தான். இதைப் படித்ததும் அக்கா மகள், "அப்போ இந்த இடத்தில் தைரியசாலி யார்?" என்றாள். இந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதிக் கட்டுரை முடிந்த மாதிரி. கதாநாயகனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது வரவே வராது.

அதே கேள்வியோடு '18வது அட்சக்கோட்டின்' கடைசிப் பக்கங்களுக்குப் போனோம். 1948, ஹைதராபாத் நிஜாம் ஆட்சி விழும் நேரம், செகந்தராபாத். கலவரத்துக்கு நடுவில் ஓடும் சந்திரசேகரன் ஒரு வீட்டுக்குள் புகுந்துவிடுகிறான். உள்ளே பயந்து ஒடுங்கிக் கிடக்கும் ஒரு முஸ்லிம் குடும்பம். தாக்க வந்தவன் என்று நினைத்து, மற்றவர்களை விட்டுவிடச் சொல்லி, ஒரு சின்னப் பெண் முன்னால் வந்து தன் உடைகளைக் களைகிறாள். அவன் வெளியே ஓடிவிடுகிறான்.

இங்கே அவசரப்படாதீர்கள். ஓடினான், ஆகவே கோழை என்று எழுதத்தான் கை துறுதுறுக்கும். ஆனால் அந்த வீட்டில் அவன் உயிருக்கு ஆபத்து எதுவும் இல்லை. தன்னைப் பார்த்து ஒருத்தி இப்படி நடுங்க வேண்டியிருக்கிறதே என்பதிலிருந்துதான் ஓடுகிறான். அந்தப் பெண்ணின் நெஞ்சுரமோ, அது தேவைப்படாத ஒருவன் முன்னால் செலவாகிறது. பூங்குழலிக்கு அந்தச் சதுப்பு நிலம் அத்துப்படி; எங்கே கால் வைக்கலாம் என்று தெரிந்தவளின் தைரியம் அது. செகந்தராபாத் பெண்ணுக்கு எதிரே நிற்பவன் யாரென்றே தெரியாது. என் கணக்கில் இரண்டு நாவலிலும் இதைவிடப் பெரிய தைரியம் இல்லை. உங்கள் ஆசிரியர் ஒப்பாவிட்டாலும் பரவாயில்லை, காட்சியைக் காட்டி வாதாடுங்கள்.

அடுத்து, யார் பாராட்டுகிறார்கள் என்று பாருங்கள். கல்கி கூடவே நடந்து வந்து நம் காதில் பேசும் ஆள். ஆபத்து தீர்ந்ததும் நம்மையும் சேர்த்து மூச்சுவிட வைப்பார். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர்கதை அது, ஒவ்வொரு வாரமும் ஒருவன் எதிலாவது மாட்டித் தப்பித்தாக வேண்டும். 1977-இல் வந்த அசோகமித்திரன் நாவலில் தட்டிக்கொடுக்க யாரும் இல்லை. அந்தப் பெண்ணுக்குப் பெயர்கூடக் கிடையாது. இந்த வேறுபாட்டுக்கு ஒரு முழுப் பத்தி கொடுங்கள்.

நாவல் வந்த காலம், ஆசிரியர் வாழ்க்கை எல்லாம் இரண்டு வரி போதும். அசோகமித்திரன் பிறந்ததே செகந்தராபாத்தில் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

முதல் வரியைக் கடைசியில் எழுதுங்கள். அக்கா மகள் மூன்று முறை மாற்றினாள். கடைசியில் நின்றது: "இரண்டு நாவல்களிலும் நாயகனின் கால் இடறும் இடத்தில் ஒரு பெண் நிற்கிறாள்." கொஞ்சம் அலங்காரம்தான். இருந்தாலும் அதை அடிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.