எச்ஐவிக்குக் கால் வரையாதீர்கள்

டியூஷனில் வைத்த மாதிரித் தேர்வில் எச்ஐவியின் படம் கேட்டிருந்தேன். ஒரு மாணவி அறுகோணத் தலை, வால், கீழே ஆறு கால்கள் என்று அழகாக வரைந்து, பக்கத்தில் 'ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ்' என்று அம்புக்குறியும் போட்டிருந்தாள். நொதி சரி, படம் டி4 ஃபேஜ் (ஃபேஜ் என்பது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்). இந்தப் பாடத்தில் நான் பார்க்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் வருகின்றன. மனதில் பதிந்த முதல் வைரஸ் டி4 என்பதால் எல்லா வைரஸையும் அதன் அச்சிலேயே வார்த்துவிடுகிறோம்.

எச்ஐவி ஏறத்தாழ ஓர் உருண்டை. வெளியே கொழுப்புச் சவ்வு, அதில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்கள், உள்ளே கூம்பு வடிவக் கேப்சிட் (புரதக் கூடு). அதற்குள் இரண்டு ஆர்என்ஏ இழைகள். இங்கேதான் அடுத்த சறுக்கல்: 'இரண்டு இழை' என்றதும் 'ஈரிழை ஆர்என்ஏ' என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியல்ல. ஒரே ஓரிழை ஆர்என்ஏவின் இரண்டு பிரதிகள் அவை. டி4-இன் தலைக்குள் இருப்பதுதான் ஈரிழை, அதுவும் டிஎன்ஏ.

'வைரஸ் தன் மரபுப்பொருளைச் செல்லுக்குள் செலுத்துகிறது' என்ற வாக்கியத்தை இரண்டுக்கும் பொதுவாக எழுதாதீர்கள். பாக்டீரியாவுக்குக் கெட்டியான செல்சுவர் உண்டு. அதைத் துளைக்கத்தான் டி4-க்கு ஊசி போன்ற வால். டிஎன்ஏ உள்ளே போகும், கூடு வெளியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். 1952-இல் ஹெர்ஷி, சேஸ் என்ற ஆய்வாளர்கள் டி4-இன் நெருங்கிய உறவான டி2 ஃபேஜ் தொற்றிய பாக்டீரியாக்களை பிளெண்டரில் (நம்ம ஊர் மிக்ஸி என்று வைத்துக்கொள்ளுங்கள்) சுழற்றியபோது, புரதக் கூடுகளில் பெரும்பகுதி கழன்று வந்துவிட்டது. டிஎன்ஏவின் பெரும்பகுதி உள்ளேயே தங்கியது. நம் செல்லுக்குச் சுவர் கிடையாது. எச்ஐவி நோயெதிர்ப்புச் செல்களின் மேலுள்ள சிடி4 என்ற ஏற்பியையும் ஒரு துணை ஏற்பியையும் பிடித்து, தன் சவ்வைச் செல்சவ்வோடு இணைத்துக்கொள்கிறது. கேப்சிட் முழுசாக உள்ளே இறங்குகிறது. மிக்ஸி சோதனை இதனிடம் பலிக்காது!

அப்புறம், எச்ஐவி ஒரு ரெட்ரோவைரஸ் என்பதால் வரும் 'ஆர்என்ஏ இருந்தால் ரெட்ரோவைரஸ்' என்ற குழப்பம். எம்எஸ்2 என்ற ஃபேஜிலும் ஆர்என்ஏதான், கொரோனாவிலும் ஆர்என்ஏதான். இரண்டும் ஆர்என்ஏவிலிருந்து நேராக ஆர்என்ஏவைப் படியெடுக்கின்றன. ரெட்ரோவைரஸ் ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏவை உண்டாக்குகிறது. அதற்கான நொதியான ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸை வரும்போதே கையோடு கொண்டுவருகிறது. 1970-இல் டெமினும் பால்டிமோரும் தனித்தனியாகக் கண்டுபிடித்த நொதி இது. ஆனால் அந்த நொதி இருந்தாலே ரெட்ரோவைரஸ் என்றும் சொல்ல முடியாது. ஹெபடைடிஸ் பி வைரஸிலும் அது உண்டு, அதுவோ டிஎன்ஏ வைரஸ்.

எனக்கு ரொம்பவும் உறுத்துவது புரோஃபேஜையும் புரோவைரஸையும் ஒன்றாக்கிவிடுவது. ஒற்றுமை இருக்கத்தான் செய்கிறது: இரண்டும் ஓம்புயிரியின் டிஎன்ஏவில் சொருகிக்கொண்ட வைரஸ் டிஎன்ஏதான்; முன்னது பாக்டீரியாவுக்குள் ஃபேஜுடையது, பின்னது நம் செல்லுக்குள் எச்ஐவி போன்றவற்றுடையது. ஆனால் லாம்டா என்ற ஃபேஜுக்கு இப்படிச் சொருகி உறங்குவது ஒரு தெரிவு மட்டுமே. ஈ.கோலை பாக்டீரியாவில் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் போய் உட்காரும்; புற ஊதாக் கதிர் பட்டு பாக்டீரியாவின் டிஎன்ஏ சேதமானால், தன்னை வெட்டி எடுத்துக்கொண்டு பெருகிச் செல்லை வெடிக்கவைக்கும் லைட்டிக் சுழற்சிக்குத் தாவிவிடும். டி4 இந்த உறக்கநிலைக்கே போவதில்லை. எச்ஐவிக்கோ சொருகுவது வழக்கமான வேலை. ஒரே இடம் என்றும் இல்லை, வெளியே வர வெட்டும் நொதியும் இல்லை. அந்தச் செல் இருக்கும்வரை அதுவும் இருக்கும். மருந்து எடுப்பவர் நிறுத்தினால் வைரஸ் மறுபடி தலைதூக்குவதற்கு இதுதான் காரணம்.

வெளியேறும் கட்டத்தில் 'செல் வெடித்து வைரஸ்கள் வெளிவருகின்றன' என்பது டி4-க்குப் பொருந்தும். 37 டிகிரியில் அரை மணி நேரத்துக்குள் கதை முடிந்துவிடும். எச்ஐவி செல்சவ்வில் மொட்டுவிட்டு, அந்தச் சவ்வையே போர்த்திக்கொண்டு கிளம்புகிறது. கிளம்பும்போது அது முழுமையடைந்திருக்காது. உள்ளிருக்கும் புரோட்டியேஸ் நொதி நீளப் புரதங்களை நறுக்கிய பிறகே கூம்புக் கேப்சிட் உருவாகும். அதற்காக, எல்லா ஃபேஜும் செல்லை வெடிக்கவைக்கும் என்று எழுதிவிட வேண்டாம். எம்13 என்ற இழை வடிவ ஃபேஜ் பாக்டீரியாவைக் கொல்லாமலே கசிந்து வெளியேறிக்கொண்டிருக்கும்.