இன்சுலின் போட்டும் சர்க்கரை இறங்கவில்லையா? வீட்டில் நடக்கும் தவறுகள்

"தவறாமல் இன்சுலின் போடுகிறேன், ஆனாலும் சுகர் 300-க்குக் கீழே வரமாட்டேன் என்கிறது" என்று புலம்புகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். டாக்டர் அளவைக் கூட்டுகிறார், அப்போதும் இறங்குவதில்லை. திடீரென்று ஒரு நள்ளிரவில் உடம்பு வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, குத்திப் பார்த்தால் 50. உடனே மருந்து சரியில்லை, டாக்டர் சரியில்லை என்று பேச்சு கிளம்பும். ஆனால் பல நேரம் மருந்தில் கோளாறே இருக்காது. குப்பியிலிருந்து தோலுக்கடியில் போய்ச் சேர்வதற்குள்தான் ஏதோ ஒன்று தவறிப்போகிறது. அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்பதற்கு முன் அதைச் சரிபார்ப்பது அவசியம்.

முதலில் சிரிஞ்சின் மூடி என்ன நிறம் என்று பாருங்கள். நம் நாட்டில் இன்சுலின் இரண்டு செறிவுகளில் கிடைக்கிறது. குப்பியில் வரும் சாதாரண இன்சுலினில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும். பேனா வடிவக் கருவியில் போடும் மருந்திலும் சில விலை கூடிய குப்பிகளிலும் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். அவசரத்தில் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை நாமும் பார்க்காமல் வாங்கி வந்துவிடுகிறோம்.

மாறிப்போனால் என்ன ஆகும்? டாக்டர் 20 யூனிட் எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே வந்தது 0.2 மில்லி. அதில் இருப்பது வெறும் 8 யூனிட். சர்க்கரை எப்படி இறங்கும்? இதற்கு நேர்மாறானது இன்னும் ஆபத்து. 100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பேனா ஊசி தீர்ந்துவிட்டது என்று பேனா மருந்தைச் சிரிஞ்சில் உறிஞ்சிப் போடுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். குப்பியில் அச்சிட்டிருக்கும் எண்ணும் சிரிஞ்சில் அச்சிட்டிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, ஒரே இடத்தில் குத்துவது. என் பார்வையில், அதிகம் பேர் செய்வதும் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். தொப்புளைச் சுற்றி விரல் நுனியால் மெதுவாக அழுத்தித் தடவிப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் மெத்தென்று இருக்க, ஓரிடம் மட்டும் ரப்பர் போலக் கெட்டியாகத் தட்டுப்படுகிறதா? திரும்பத் திரும்ப ஊசி பட்டுக் கொழுப்பு தடித்துப்போன இடம் அது. அங்கே வலி குறைவாகத் தெரியும், அதனாலேயே கை தானாக அங்கே போகும். அந்தக் கட்டிக்குள் போன இன்சுலின் ஒழுங்காக இரத்தத்தில் கலக்காது. ஒரு நாள் தேங்கி நிற்கும், இன்னொரு நாள் மொத்தமாக இறங்கும். பகலில் 300, நள்ளிரவில் 50 என்று ஆட்டம் காட்டுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

வயிற்றை நான்கு பாகமாகப் பிரித்துக்கொண்டு வாரத்துக்கு ஒரு பாகம் என்று மாற்றிப் போடலாம். ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் நடுவே ஒரு விரல் அகலம் இருக்கட்டும். தொப்புளை ஒட்டிக் குத்த வேண்டாம். ஒரே ஊசியைப் பல நாள் பயன்படுத்தினால் முனை மழுங்கி, கட்டி வருவது கூடும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: கட்டியை விட்டுவிட்டு நல்ல இடத்தில் போட ஆரம்பித்தால் பழைய அளவே அதிகமாகி, சர்க்கரை தாழ்ந்துவிடலாம். அதனால் இடம் மாற்றுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், அதாவது ஃபிரிட்ஜில். ஃபிரீசரில் கூடாது, அதன் சுவரை ஒட்டியும் கூடாது. ஒருமுறை உறைந்த மருந்து உருகிப் பார்க்க நன்றாக இருந்தாலும் குப்பைதான். பிரித்த குப்பி வெயில் படாத, குளிர்ச்சியான இடத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும், எனவே பிரித்த தேதியை அதன்மேலேயே எழுதிவையுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், டப்பாவில் போட்டு ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைப்பது நல்ல வழி. பைக் பெட்டியிலோ காரிலோ விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பால் போலக் கலங்கலாக இருக்கும் இன்சுலினைப் போடும் முன் உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை மேலும் கீழுமாகச் சாய்க்க வேண்டும். சிரப் குலுக்குவதுபோல் குலுக்கினால் நுரைதான் வரும். பேனா என்றால் ஒவ்வொரு முறையும் முதலில் 2 யூனிட்டை வெளியே விட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். மருந்தை அழுத்திய பிறகு பத்து எண்ணிவிட்டு ஊசியை எடுங்கள், இல்லையென்றால் கடைசிச் சொட்டுகள் வெளியே வழிந்துவிடும்.

நேரமும் முக்கியம். சாதாரண இன்சுலினுக்கும் 30/70 கலவைக்கும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு என்பதுதான் கணக்கு. புதிய வேக இன்சுலின்களை இலையில் உட்காரும் நேரத்தில் போடலாம். ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை தாழும். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். உடனே 108-ஐ அழையுங்கள்.

காய்ச்சல், சாப்பிட முடியவில்லை என்று தாங்களாகவே இன்சுலினை நிறுத்துகிறவர்களும் உண்டு. காய்ச்சல் வந்தால் சர்க்கரை பெரும்பாலும் ஏறத்தான் செய்யும். அளவை மாற்ற வேண்டியிருக்கலாம், அதை டாக்டர் சொல்லட்டும். உடம்பில் இன்சுலின் அநேகமாகச் சுரக்காமலே போய்விடும் டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளுக்கு ஒருநாள்கூட முழுவதுமாக நிறுத்தக் கூடாது. 1922 ஜனவரியில் டொரோண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் போடும்வரை, அந்த நோய் வந்த குழந்தைகளைக் காப்பாற்ற வழியே இருக்கவில்லை. வேர், பொடி, கஷாயம் எதை யார் சொன்னாலும் அந்தப் பிள்ளைகளுக்கு அது இன்சுலினுக்கு ஈடாகாது.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது குப்பி, சிரிஞ்ச், பேனா எல்லாவற்றையும் பையில் எடுத்துப் போங்கள். நீங்கள் போடும் விதத்தை அங்கே நர்ஸ் முன்னால் ஒருமுறை செய்து காட்டுங்கள், வயிற்றையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். போட்டு முடித்த ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் மருத்துவமனையில் கொடுத்துவிடுங்கள். வீட்டுக் குப்பையோடு போட்டால், அதைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையில்தான் குத்தும்.