நியாண்டர்தால் மனிதருக்கு முகம் செய்வோமா? முதல் தடவை செய்பவர்களுக்கு

1908-இல் பிரான்சில் லா ஷாப்பெல்-ஓ-சேன் குகையில், அழிந்துபோன ஆதி மனித இனமான நியாண்டர்தால்களில் ஒருவரின் எலும்புக்கூடு கிடைத்தது. அடுத்த வருடமே ஒரு பாரிஸ் பத்திரிகை அவரை உடம்பெல்லாம் மயிரடர்ந்த முக்கால் குரங்காக வரைந்தது. 1911-இல் ஒரு லண்டன் பத்திரிகையோ, நெருப்பருகே உட்கார்ந்து கருவி செதுக்கும் மனிதராகக் காட்டியது. மண்டையோடு ஒன்றுதான்; மற்றதெல்லாம் வரைந்தவர் மனசு.

அதனால் மண்டையோட்டு நகலின் மேல் களிமண்ணால் முகம் செய்யும்போது நான் இரண்டு நிறக் களிமண் வைத்துக்கொள்வேன். எலும்பு சொன்னதற்குச் சாம்பல், நான் ஊகித்ததற்குச் சிவப்பு. நாமும் இதே லா ஷாப்பெல் ஆளையே எடுத்துக்கொள்வோம்.

தேவை: மண்டையோட்டின் வார்ப்பு நகல் (முப்பரிமாண அச்சில் எடுத்ததும் போதும்), காயாத எண்ணெய்க் களிமண், அழிரப்பர், ஸ்கேல், 25 மி.மீ. அளவில் இரண்டு பெரிய கோலிக்குண்டுகள்.

1. முதல் நாள் களிமண்ணைத் தொடாதீர்கள். மண்டையோட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கண்களுக்கு மேல் இரட்டை வளைவாகப் புருவ மேடு, பின்னோக்கிச் சரியும் நெற்றி, முன்னே தள்ளிய நடுமுகம், பெரிய மூக்குத் துளை. இவருக்குக் கடைவாய்ப் பற்கள் பலவும் உயிரோடு இருக்கும்போதே விழுந்து, பல்குழிகள் மூடிப்போயிருக்கின்றன. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டும்.

2. அழிரப்பரைத் துண்டு துண்டாக வெட்டிச் சதைத் தடிமனுக்கு அடையாளமாக ஒட்டுங்கள். நெற்றி நடுவில் சுமார் 5 மி.மீ., மேலுதட்டுப் பகுதியில் சுமார் 10. இந்த அளவுகள் இன்றைய மனிதர்களிடம் எடுத்தவை. ஆகவே துண்டுகளின் தலையில் சிவப்பு மை.

3. அப்புறம் தசைகள். நெற்றிப்பொட்டில் விசிறிபோல் விரியும் தசையையும் தாடையின் மெல்லும் தசையையும் முதலில் வையுங்கள். தசை பிடித்திருந்த இடத்தில் எலும்பில் தழும்பு தெரியும். விரலால் தடவினாலே புரியும். இவை சாம்பல்.

4. கோலிக்குண்டுகளைக் கண்குழியில் பதியுங்கள். பிதுங்கினால் மிரண்ட முகம் வந்துவிடும். மூக்குதான் தலைவலி. இன்றைய ஐரோப்பியரிடம் எலும்புத் துளையின் அகலம் மூக்கின் அகலத்தில் ஏறத்தாழ 5-இல் 3 பங்கு. அந்தக் கணக்கில் தொடங்கலாம், ஆனால் நுனி முழுக்கச் சிவப்பு.

5. வாய். பல் போன வாய் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாததா? பொய்ப்பல்லைக் கழற்றி வைத்த தாத்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். உதடு உள்வாங்கும், கன்னம் ஒட்டும். மோவாயில் கவனம்: நியாண்டர்தால்களுக்கு நம்மைப் போலத் துருத்திய மோவாய் எலும்பு கிடையாது. ஆனால் கை பழக்கதோஷத்தில் ஒன்றை வைத்துவிடும். நான் முதலில் செய்தபோது, கடைசியில் என் சித்தப்பாதான் வந்து நின்றார். முழுத் தாடையையும் பிய்த்தெடுக்க வேண்டியதாயிற்று.

6. காது, புருவம், முடி, தோல்நிறம் எதற்கும் எலும்பில் சாட்சி இல்லை. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் கிடைத்த நியாண்டர்தால் எலும்புகளின் மரபணுவை வைத்து, சிலருக்குச் செம்மயிர் இருந்திருக்கலாம் என்று 2007-இல் ஓர் ஆய்வு சொன்னது. அது அவர்கள் கதை. நம் ஆளுக்குச் செம்பட்டை முடி வைப்பதும் கருமுடி வைப்பதும் உங்கள் விருப்பம்.

வண்ணம் பூசுவதற்கு முன், சாம்பலும் சிவப்புமாக இருக்கும் நிலையிலேயே நாலு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். வண்ணம் ஏறிவிட்டால் எது எலும்பு, எது நீங்கள் என்று உங்களுக்கே தெரியாது.