ரயிலடிக்குப் பக்கத்தில் வாடகை வீடு: தஞ்சை, கும்பகோணம் பக்கம் தேடுவோருக்கு

தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கோ கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கோ தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவர், வீடு தேடுவதற்கு முன் ரயில் வண்டி நேரத்தைப் பார்க்க வேண்டும்.

1. வண்டி

காலையில் போகும் வண்டி, மாலையில் திரும்பும் வண்டி, அது தவறினால் அடுத்தது, மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். வழியில் உள்ள பூதலூர், பாபநாசம் பக்கம் வாடகை குறைவு. ஆனால் எக்ஸ்பிரஸ் பல நிற்காது. தஞ்சாவூர்–திருச்சி இரட்டைப் பாதை. கும்பகோணம் பக்கம் ஒற்றைப் பாதை, எதிர் வண்டிக்கு வழிவிட கிராசிங்கில் வண்டி நின்றுவிடும். சீசன் டிக்கெட் 150 கி.மீ. வரை கிடைக்கும், ஆனால் ரிசர்வேஷன் பெட்டியில் ஏற முடியாது.

2. நடை

புரோக்கர் சொல்லும் "அஞ்சு நிமிஷம்" பைக் கணக்கு. வீட்டு வாசலிலிருந்து பிளாட்பாரம் வரை, உங்கள் வண்டி நேரத்திலேயே நடந்து பாருங்கள். நடுவில் ரயில்வே கேட் இருந்தால் அது மூடும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். சுரங்கப்பாதை என்றால் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்குமா என்று பக்கத்து டீக்கடையில் விசாரியுங்கள்.

3. வீடு

டெல்டாவில் அதிகம் ஏமாறுவது இங்கேதான். நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் தரைத்தள வீடுகளில் சுவரில் ஓதம் (ஈரம்) ஏறும். சுவரில் முழங்கால் உயரம் வரை பெயின்ட் உப்பியிருக்கிறதா? விரலால் தேய்த்தால் வெள்ளைத் தூள் உதிர்கிறதா? அடிப்பக்கம் மட்டும் புதுப் பெயின்ட் என்றால் சந்தேகப்படுங்கள். பாத்ரூம் சுவரை ஒட்டிய அலமாரியைத் திறந்து மோந்து பாருங்கள். வீடு பார்க்க மார்கழி நல்ல மாதம்: மழை அப்போதுதான் விட்டிருக்கும், சுவர் எதையும் மறைக்காது. யாரும் குடி மாறாத மாதம் என்பதால் வாடகையும் பேசலாம். தை பிறந்ததும் பால் காய்ச்சிக்கொள்ளலாம்.

அடைமழையில் செப்டிக் டேங்க் நிரம்பி, கழிவறையில் தண்ணீர் இறங்காமல் நிற்கும். அதை உறிஞ்ச வரும் லாரிக்கூலி யார் பொறுப்பு என்று முன்பே பேசிவிடுங்கள். போர்வெல் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைக்கச் சொல்லுங்கள். செம்பழுப்பாகப் படிந்தால் இரும்பு. மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் நீங்கள் ரயிலில் இருப்பீர்களா? அப்படியென்றால் தொட்டியில் தானாக ஏறும் வசதி இல்லாத வீடு வேண்டாம்.

4. பணம், பத்திரம்

வீட்டுக்குத் தனி ஈ.பி. மீட்டர் இருக்க வேண்டும். சப்-மீட்டர் என்றால் ஓனர் யூனிட்டுக்கு ஒரே ரேட் போடுவார். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்கள் கணக்கில் வராது.

2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதனால் கையெழுத்துக்கு முன் அந்த வரியை நிதானமாகப் படியுங்கள். 11 மாதப் பத்திரம் எழுதிப் பெட்டியில் வைத்தால் போதாது. வாடகை அதிகாரியிடம் 90 நாளுக்குள் பதிய வேண்டும்.

காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே வழக்கம். அதையும் பத்திரத்தில் எழுதுங்கள். சாவி வாங்கிய அன்றே சுவர், குழாய், மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.