வீடு கலையாமல் கலை செய்வது: சின்ன வீட்டில் ஒரு படம் வரையும் மேசை

போன ஆவணியில் றங்குப் பெட்டியைத் திறந்தபோது என்னுடைய இரண்டு அக்ரிலிக் படங்கள் முகத்தோடு முகம் ஒட்டிக் கிடந்தன. ஒன்றில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் போகிற சனம், மற்றதில் நந்திக்கடலில் வலை எறிகிற ஒருவர். மெல்ல விரித்துப் பார்த்தேன். சரக் என்றொரு சத்தம். வலைக்காரரின் முதுகு உரிந்து பொங்கல் படத்தோடு போய்விட்டது. வெயில் காலத்தில் தகரப் பெட்டிக்குள் அக்ரிலிக் இளகும் என்று எனக்குத் தெரியாததல்ல. வைக்க வேறு இடம் இல்லையென்று நெருக்கி அடைத்துவிட்டு, மேலே பிள்ளைகளின் பழைய கொப்பிகளையும் ஒரு குக்கர் பெட்டியையும் ஏற்றி வைத்திருந்தேன்.

எங்கள் வீடு வீட்டுத்திட்டத்தில் கட்டியது, 550 சதுர அடி. அதற்குள் இவர், அம்மா, இரண்டு பிள்ளைகள், நான், பிறகு என் சாயங்கள். இலங்கையின் வடக்கே, இந்த வன்னியில் இப்படித்தான் பலர் இருக்கிறோம். படம் வரையத் தொடங்க ஆசை, ஆனால் வீடு முழுக்கச் சாமான், எங்கே இருந்து வரைவது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரைவதற்குப் பதிலாகத் தைப்பவர்கள், பன்னவேலை செய்பவர்கள், எழுதுபவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'ஒரு வருடம் பாவிக்காததை எறி' என்று இணையத்தில் சொல்லும் ஆலோசனை எங்கள் வீடுகளில் எடுபடாது. போரில் நாலைந்து தரம் இடம்பெயர்ந்து, கடைசியில் உடுத்த உடுப்போடு வந்து, ஒவ்வொரு வாளியாய் ஒவ்வொரு கதிரையாய்த் திரும்பச் சேர்த்த ஆட்களிடம் போய் எறி என்றால் என்ன நடக்கும்? அம்மா ஒருநாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை. அதனால் என் வழியில் எறிவது கடைசிக்குக் கிட்டத்தான் வரும்.

படி 1: எழுதிக்கொண்டு சுற்றுங்கள்

ஒரு கொப்பியும் பேனையும் எடுங்கள். எதையும் தொடாமல் வீட்டைச் சுற்றி, உங்கள் வேலைக்கான சாமான் எது எங்கே கிடக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். நான் எழுதியதில் கொஞ்சம்: மூன்று பிரஷ் குசினியில் அகப்பைகளோடு. வாட்டர்கலர் பெட்டி சின்னவளின் புத்தகப் பைக்குள். தாள் கட்டு கட்டிலுக்குக் கீழே. கறுப்பு மைப்போத்தல் சாமித்தட்டில், விளக்கெண்ணெய்க்குப் பக்கத்தில். மொத்தம் பதினொரு இடம்.

வரைய இருக்கும் முன்னரே இருபது நிமிடம் தேடலில் போகிறது என்று அன்றுதான் கண்டேன். அதற்குள் உலை கொதித்துவிடும்.

படி 2: ஒரு மேசை

தனி அறை தேவையில்லை. நாலடிக்கு இரண்டடி இடம் போதும். என்னுடையது ஒரு பழைய கதவுப் பலகை, இரண்டு பக்கமும் சீமெந்துக் கல் அடுக்கி மேலே வைத்தது.

எங்கே போடுவது என்பதைக் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வைகாசி தொடங்கினால் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து செம்புழுதியை அள்ளிக்கொண்டு வரும். மேற்கு விறாந்தையில் ஈரப் படத்தை வைத்தால் அரை மணித்தியாலத்தில் மண்கோலம். ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்கு மழை. கிழக்கு விறாந்தையில் சாரல் அடித்துத் தாள் ஊறும். எனவே வடக்கு யன்னலுக்கு உள்ளே, இரண்டடி தள்ளிப் போடுவதுதான் எனக்குச் சரிவந்தது. வடக்கு வெளிச்சம் நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும், நிறம் ஏமாற்றாது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிச் சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே வந்து, ஆகஸ்ட் கடைசி வரை மத்தியானத்தில் கொஞ்சம் வடக்கால் போகும். அந்த மாதங்களில் யன்னலில் ஒரு பழைய வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டால் போதும்.

மேசையில் வேறு எதுவும் வைக்கக்கூடாது என்று வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். சொன்னாலும் வைப்பார்கள். மூன்றாம் நாளே என் மேசையில் கரண்ட் பில்லும் ஒரு பூசணிக்காயும் வந்து குந்தியிருந்தன. சண்டை பிடிக்கவில்லை. பூசணிக்காயை வரைந்துவிட்டுக் கறிக்குக் கொடுத்தேன்.

படி 3: உங்கள் சாமானைப் பிரியுங்கள்

இதற்கு ஒரு முழுநாள் வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, முற்றத்தில் பாயை விரித்து எல்லாவற்றையும் கொட்டுங்கள். எது வேலைக்கு உதவும், எது உதவாது என்று மனதால் தீர்மானிக்க வேண்டாம். தண்ணீரால் சோதித்துப் பாருங்கள்.

அக்ரிலிக் குழாய்க்குள் இறுகிவிட்டால் அதோடு சரி. அதில் உள்ள தண்ணீர் வற்றியதும் அது பிளாஸ்டிக் படலமாகிவிடும், திரும்ப இளகாது. வாட்டர்கலர் அப்படியில்லை. அதைப் பிடித்து வைத்திருப்பது ஒரு மரப்பிசின், கம் அரபிக். எத்தனை வருடம் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டால் கரையும். காய்ந்த குழாயைக் கத்தியால் நெடுக வெட்டி, உள்ளே இருக்கும் கட்டியைச் சோடாப் போத்தல் மூடியில் அமத்தி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு இரவு வையுங்கள். விடியக் கட்டிச் சாயம் தயார். இப்படி எறிய வைத்திருந்த ஒன்பது குழாய் எனக்கு மீண்டது. போஸ்டர் கலரும் பெரும்பாலும் இளகும், ஆனால் தடிப்பாகப் பூசினால் வெடிக்கும். அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். எண்ணெய்ச் சாயம் என்றால் மேலே கட்டிய தோலைக் குத்தி எடுத்துப் பாருங்கள், உள்ளே அநேகமாக நன்றாக இருக்கும்.

பிரஷில் அக்ரிலிக் இறுகியிருந்தால் பார்மசியில் விற்கும் ஸ்பிரிட்டில் ஊறவையுங்கள், அடுப்புக்குத் தள்ளி. மயிர் இளகினால் சவர்க்காரம் போட்டுக் கழுவி வைத்திருக்கலாம். விறைத்தே நின்றால் அதுவும் உதவும். பற்றைக்காடு, வைக்கோல், பனை மட்டையின் சிராய் எல்லாம் அந்த விறைத்த பிரஷால்தான் நன்றாக வரும்.

சாயத் தண்ணீருக்கு வீட்டுக் கோப்பைகளை எடுக்காதீர்கள். சில நிறங்களில் கட்மியம், கோபால்ட் போன்ற உலோகங்கள் இருக்கும். இங்கே தயிர் வாங்கினால் மண்சட்டியோடு வரும் அல்லவா? நான் அதைத்தான் பாவிக்கிறேன். பாரமானது, கை பட்டாலும் கவிழாது. தெரியாமல் யாரும் தேத்தண்ணீர் ஊற்றாமல் இருக்க விளிம்பில் சிவப்பு அடித்திருக்கிறேன்.

இனிப் பழைய படங்கள். இங்கேதான் எல்லோரும் குந்திவிடுவார்கள். நானும் பாயில் இருந்தபடி இரண்டு மணித்தியாலம் ஒன்றும் செய்யவில்லை. பிறகு ஒரு வழி பிடித்தேன். ஒவ்வொரு படத்தையும் கையில் எடுத்து, 'இதிலிருந்து இன்னொரு படம் வருமா?' என்று கேட்பது. வரும் என்றால் வைத்திருப்பது. வராது என்றால் காலமை எட்டு மணிபோல் வெளியே நிழலில் வைத்து, போன் கமராவில் ஒரு படம் எடுத்துவிட்டு, பின்பக்கத்தைப் பயிற்சிக்கு விடுவது. வைத்திருப்பதன் பின்னால் பென்சிலால் திகதியும் இடமும் எழுதுங்கள். பேனை வேண்டாம், ஈரத்தில் மை ஊறி முன்னால் வரும்.

ஒன்றே ஒன்று இந்தக் கேள்விக்குள் வராமல் தப்பியது. 2009 இல் முகாமில் இருந்தபோது நிவாரணப் பெட்டி மட்டையில் கரிக்கட்டியால் வரைந்த தண்ணீர் பவுசர் வரிசை. அதில் கைகள் எல்லாம் பிழை, பவுசரின் சில்லு முட்டை வடிவம். அது இருக்கும். உங்களிடமும் இப்படி ஒன்று இருந்தால் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

படி 4: மழைக்கும் கறையானுக்கும் தப்பவைத்தல்

கறையான் நிலத்திலிருந்துதான் மண்குழாய் கட்டி ஏறும். ஆகவே தாளோ கன்வஸோ நிலத்தையும் சுவரையும் தொடக்கூடாது. பெட்டிக்கு நாலு மூலையிலும் செங்கல், சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி. அந்த இடைவெளி எதற்கு என்றால், மண்கோடு ஏறினால் கண்ணுக்குத் தெரியவேண்டும். சனிக்கிழமை கூட்டும்போது குனிந்து ஒருதரம் பாருங்கள்.

காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி நல்லதுதான், ஆனால் மாரியில் மூடினால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டுகிறீர்கள். கார்த்திகையில் அடைத்த தாளில் தைப்பொங்கலுக்குப் பூஞ்சணம் புள்ளி புள்ளியாக நிற்கும். புரட்டாதியிலேயே, நல்ல வெயில் எறித்த நாளில் பின்னேரம் போல், காய்ந்த தாளை அடுக்கி மூடிவிடுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்களை உள்ளே போடலாம். அப்பம்மா ஏட்டுக்கும் புத்தகத்துக்கும் வேப்பிலை வைப்பா. நானும் வைக்கிறேன், பச்சையாக அல்ல, நன்றாகக் காய்ந்த பிறகு.

படங்களுக்கு நடுவில் பத்திரிகைத் தாள் வைக்காதீர்கள். அதில் லிக்னின் என்ற மரப்பொருள் இருப்பதால் தானும் பழுத்துப் பக்கத்தில் இருப்பதையும் பழுக்கவைக்கும். அக்ரிலிக் படங்களுக்கு நடுவில் கேக் செய்பவர்கள் தட்டில் விரிக்கும் பேக்கிங் தாள் வையுங்கள், ஒட்டாது. ஒரு சுருள் வாங்கியிருந்தால் என் வலைக்காரருக்கு முதுகு இருந்திருக்கும்.

படி 5: மற்றவர்களின் சாமான்

தொடாதீர்கள். அவ்வளவுதான் முதலில் எழுத நினைத்தேன்.

ஆனால் அம்மாவின் பேணிகளைப் பற்றிச் சொல்லவேண்டும். பால்மாப் பேணி, பிஸ்கட் பேணி, மூடியில்லாத பேணி என்று அலுமாரிக்கு மேலே ஒரு மதில். அதோடு மடித்து வைத்த நீலத் தறப்பாள் ஒன்று, விளிம்பெல்லாம் நைந்தது.

"அம்மா, இந்தத் தறப்பாளை இனி என்ன செய்யப்போறியள்?"

"கிடக்கட்டும் பிள்ளை. கூரை போனால் நீயே அதைத் தேடுவாய்."

இதற்கு என்ன பதில் சொல்வது? தறப்பாள் இருக்கிறது. ஆனால் பேணிகள் விஷயத்தில் வேறு மாதிரிக் கேட்டேன். எறியட்டோ என்று கேட்காமல், "பிரஷ் வைக்க ஒன்று தாங்கோவன்" என்றேன். ஒன்று தந்தா. பிறகு பென்சிலுக்கு ஒன்று, கரிக்கட்டிக்கு ஒன்று. கறல் பிடித்ததை அவவே எடுத்துப் பழைய இரும்பு வாங்க வந்தவரிடம் கொடுத்தா. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது மதில் பாதிக்கு இறங்கிவிட்டது. மூடி நன்றாக இருப்பவற்றில் உழுந்தும் பயறும் போட்டு வைத்திருக்கிறா.

வயதானவர்கள் சேர்த்த பொருளைக் குறைக்க நான் கண்ட வழி இது ஒன்றுதான்: அந்தப் பொருளுக்கு ஒரு வேலை கொடுப்பது. பிள்ளைகளுக்கு இது சரிவராது. அவர்களுக்கு ஆளுக்கொரு கடகம் கொடுத்து, கடகம் நிரம்பினால் எதை எடுப்பது என்று அவர்களே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

படி 6: கழிவு

சாயம் கரைத்த தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்ற வேண்டாம். குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான். ஒரு வாளியில் சேர்த்து ஒரு நாள் வைத்தால் சாயம் கொஞ்சமாவது அடியில் படியும். தெளிந்ததைக் கிணற்றுக்கும் மரக்கறிப் பாத்திக்கும் எட்டவாக ஊற்றிவிட்டு, அடியைக் காயவைத்துக் குப்பையோடு கொடுங்கள். அக்ரிலிக் குழாய்களை வளவில் சருகோடு சேர்த்துக் கொளுத்த வேண்டாம், அது பிளாஸ்டிக் புகை.

எண்ணெய்ச் சாயம் பாவிப்பவர்கள் கவனியுங்கள்: லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. அந்த எண்ணெய் காயும்போது தானாகவே சூடேறும். சுருண்ட துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் நெருப்பே பிடிக்கலாம். வெளியே வேலியில் தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள்.

படி 7: படம் முதல், துப்புரவு பிறகு

இதை முதலாம் படியாகப் போட்டிருக்கலாம். ஆனால் மேசை இல்லாமல் சொன்னால் புரியாது.

மேசை வந்த முதல் மாதம், அந்தப் பூசணிக்காயைத் தவிர, நான் ஒரு படம்கூட வரையவில்லை. காலமை எழும்பினால் பேணிகளை அடுக்குவேன், சாயங்களை நிற வரிசைக்கு வைப்பேன், பிறகு வரிசையை மாற்றுவேன். மேசை அழகாக இருந்தது. இவர் வந்து பார்த்துவிட்டு, "கடை எப்ப திறப்பு?" என்று கேட்டார். கோபம் வந்தது. கேட்டது சரிதான். வரையாமல் இருப்பதற்கு வீடு ஒதுக்குவதைப் போல நல்ல சாட்டு வேறு கிடையாது. செய்து முடித்தால் ஊரும் பாராட்டும்.

அதனால் இப்போது நேரத்தை இப்படிப் பிரித்திருக்கிறேன். பள்ளிக்கூடம் ஏழரைக்கு, பிள்ளைகளை எழுப்புவது ஐந்தரைக்கு. நாலே முக்காலிலிருந்து ஐந்தரை வரை வரைவது மட்டும். அந்த நேரத்தில் கூட்டுவது, அடுக்குவது, தேடுவது எதுவும் இல்லை. கையில் கிடைத்த பென்சிலால் கிடைத்த தாளில் வரைவேன். லைட் வெளிச்சத்தில் நிறம் பிடிபடாது, ஆகவே கோட்டு வேலை மட்டும். சாயம் பூசுவது மத்தியானச் சமையல் முடிந்து பிள்ளைகள் வருவதற்கு முந்திய ஒரு மணித்தியாலம்.

ஒதுக்குவதற்கு அந்த ஒரு மணித்தியாலத்தின் கடைசிப் பத்து நிமிடம். போன் அலாரம் அடித்தால் பிரஷைக் கழுவி, மயிரை விரலால் கூராக்கிப் படுக்கவைப்பேன். ஈரத்தோடு நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் பிடிக்குள் இறங்கி மரம் ஊதும். பிறகு தயிர்ச் சட்டியை வாளியில் ஊற்றுவது, மேசையைத் துடைப்பது. கடைசியாக, நாளைக்கான தாளை எடுத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி மேசையில் வைத்துவிடுவது. இந்தக் கடைசி வேலையைத் தவற விட்ட நாட்களில் அடுத்த காலமை நான் பெரும்பாலும் வரைவதில்லை, கொப்பியில் குறித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

வீட்டின் மற்றப் பக்கம்? கட்டிலுக்குக் கீழே இன்னும் ஒரு மூட்டை கிடக்கிறது. என்ன இருக்கிறதென்று தெரியாது. புரட்டாதியில் தாள் அடுக்கும்போது அதையும் வெளியே இழுக்க வேண்டும், அம்மா கோவிலுக்குப் போகாத நாளாகப் பார்த்து.