கடிகாரம் பேசாமலே அம்மாவின் அழைப்பு தெரிய

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் மாலை டியூஷன் எடுக்கிறேன். வகுப்பில் ஆப்பிள் வாட்ச் ஒலிக்கக் கூடாது. ஆனால் வீட்டில் தனியாக இருக்கும் அம்மா அழைத்தால் உடனே தெரிய வேண்டும். கேஎல் சென்ட்ரல் ரயில் நிலைய நெரிசலில் மெல்லிய அதிர்வு உறைப்பதே இல்லை.

முதலில் கன்ட்ரோல் சென்டரில் மணிச் சின்னத்தைத் தொட்டு சைலன்ட் ஆக்கினேன். ஒலி போனது, அதிர்வு இருந்தது. பிறகு செட்டிங்ஸில் சவுண்ட்ஸ் அண்ட் ஹாப்டிக்ஸ் திறந்து, ஹாப்டிக் அலர்ட்ஸை, அதாவது அதிர்வு அறிவிப்பை, ‘ப்ராமினென்ட்’ ஆக மாற்றினேன். சில அறிவிப்புகளுக்கு முன்னால் கூடுதலாக ஒரு தட்டல் வரும். மணிக்கட்டுக்கு அது போதும். வார் தளர்வாக இருந்தால் எந்த அமைப்பும் பயன்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கைக்கு வரவேண்டிய சில செய்திகள் வராததற்குக் காரணம் வேறு. ஐபோன் திறந்திருந்தால் அறிவிப்பு பெரும்பாலும் போனுக்கே போகும். அது பூட்டியிருந்தால்தான் கடிகாரத்துக்கு வரும். அதனால் வகுப்பில் போனைப் பூட்டிப் பைக்குள் வைத்துவிடுகிறேன்.

வாட்ஸ்அப் குழுக்களின் ஓயாத தட்டல்தான் பெரிய தொல்லை. ஐபோனின் வாட்ச் செயலியில், நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியில் வாட்ஸ்அப்பை அணைத்தேன். வகுப்பு நேரத்துக்கு, மற்ற அறிவிப்புகளை அடக்கிவைக்கும் ஃபோகஸ் ஒன்றை அமைத்து, அம்மாவின் எண்ணை மட்டும் அனுமதித்தேன். இப்போது கை அதிர்ந்தால் அது அம்மாதான். எனக்கு இதுவே பெரிய நிம்மதி.

ஒன்றைக் கவனியுங்கள்: சைலன்டில் இருந்தாலும், சார்ஜில் போட்டிருக்கும்போது அலாரமும் டைமரும் ஒலிக்கும். வகுப்பறை மேசையில் சார்ஜ் போடுவதை நான் நிறுத்திவிட்டேன்.